சாக்கடைத் தண்ணீருக்குப் பிறகு என்ன ஆகிறது? சிறிய சுத்திகரிப்பு நிலையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறநகர்க் குடியிருப்பு ஒன்றின் கழிவுநீர் நிலையத்தில் ஆபரேட்டராக இருக்கிறேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களும், பம்ப் அடைத்த அன்று வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பவர்களும், வேலை முடிந்து போகும் வழியில் நிறுத்திப் பேசுபவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். பதில்கள், காற்றூட்டும் முறையில் ஓடும் சிறிய நிலையங்களை மனதில் வைத்தவை. கணக்கு சொல்லும் இடங்களில் 2,000 பேர் உள்ள குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழிவறையில ஊத்துற தண்ணி கடைசியில எங்கதான் போகுது?

வீட்டுக் குழாயிலிருந்து, தெருவுக்கு அடியில் ஓடும் பாதாளச் சாக்கடைக்கு. அந்தக் குழாயை லேசான சரிவில் பதித்திருப்பார்கள். தண்ணீர் தானாகவே இறங்கி ஓடிவரும். சரிவு கொடுத்துக்கொண்டே போனால் குழாய் ரொம்ப ஆழத்துக்குப் போய்விடும் இல்லையா? அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பம்பிங் கிணறு இருக்கும். அங்கிருந்து மேலே ஏற்றி அனுப்புவோம்.

நிலையத்துக்குள் வந்ததும் முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக், குச்சி எல்லாம் அங்கே நின்றுவிடும். அடுத்து மணல் தொட்டி; ஓட்டத்தின் வேகம் குறைவதால் மணலும் சிறுகல்லும் அடியில் படியும். அப்புறம் காற்றூட்டும் தொட்டி, தெளிவுத் தொட்டி, கடைசியில் கிருமி நீக்கம். பெரிய நிலையங்களில் காற்றூட்டுவதற்கு முன்னால் இன்னொரு படிவுத் தொட்டி இருக்கும். சிறிய இடங்களில் அதை விட்டுவிட்டு, காற்றூட்டும் தொட்டியிலேயே 18 முதல் 24 மணி நேரம் வரை தண்ணீரை வைத்திருப்பது வழக்கம். இதற்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், தலைவலி குறையும்.

அந்தத் தண்ணியில அப்படி என்னதான் இருக்கு?

கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர்தான். வீட்டுக் கழிவுநீரில் 99.9 சதவீதம் தண்ணீர். மீதி 0.1 சதவீதத்துக்காகத்தான் இவ்வளவு தொட்டியும் பம்பும். மலம், சிறுநீர், சோப்பு, எண்ணெய், உணவுத் துணுக்கு, மணல், நோய்க்கிருமிகள் எல்லாம் அந்தச் சின்னப் பங்குக்குள் அடங்கிவிடும்.

சுத்தம் பண்ண என்ன மருந்து போடுறீங்க?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கேட்பவர்கள் ஏதோ ஒரு பொடியை எதிர்பார்ப்பார்கள். முக்கியமான வேலைக்கு நாங்கள் மருந்தே போடுவதில்லை. போடுவது காற்று மட்டும்.

கழிவுநீரிலேயே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆக்சிஜன் கொடுத்தால், கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று பெருகும். பெருகியவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பழுப்பு நிறத் திரள்களாகும். தெளிவுத் தொட்டியில் அந்தத் திரள்கள் அடியில் படிய, தெளிந்த தண்ணீர் மேலே வழிந்து போகும். அடியில் படிந்த கசடின் பெரும்பகுதியை மறுபடி காற்றூட்டும் தொட்டிக்கே திருப்பி அனுப்புவோம். இந்தத் திருப்பி அனுப்புதலில்தான் சூட்சுமமே இருக்கிறது. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் பாட்டில்களில் கழிவுநீரை ஊற்றிக் காற்றடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் தெளிந்ததை மட்டும் வடித்துவிட்டுக் கசடை வைத்துக்கொண்டு புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். முதலில் வாரக்கணக்கில் ஆன வேலை, கசடு சேரச் சேர ஒரு நாளுக்குள் முடிந்தது. இன்றும் அதே முறைதான்.

அந்த பாக்டீரியாவை எங்க வாங்குவீங்க?

வாங்க வேண்டியதில்லை, உங்கள் வீட்டிலிருந்தே வருகின்றன. புது நிலையம் தொடங்கும்போது மட்டும், நன்றாக ஓடும் வேறொரு நிலையத்திலிருந்து ஒரு லாரி கசடு கொண்டுவந்து ஊற்றுவது உண்டு. பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. அது இல்லாமலும் சில வாரங்களில் தானாகவே கூட்டம் சேர்ந்துவிடும். டப்பாவில் அடைத்து விற்கும் ‘அதிசய பாக்டீரியா’ப் பொடிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

தொட்டியில சாக்லேட் கலர்ல கொதிக்குதே, இதுவா சுத்தமான தண்ணி?

அந்த நிறம்தான் எங்களுக்கு வேண்டும். காற்றூட்டும் தொட்டி கெட்டியான பழுப்பு நிறத்தில் இருந்து, மழை பெய்து ஓய்ந்த மண்ணின் வாசனை வந்தால் உள்ளே இருப்பவை நலமாக இருக்கின்றன. கறுத்துப் போய் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஆக்சிஜன் போதவில்லை. லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம்.

தினமும் காலையில் நான் செய்யும் முதல் சோதனைக்கு ஒரு லிட்டர் கண்ணாடி உருளை போதும். தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றி, அசையாத இடத்தில் 30 நிமிடம் வைப்பேன். முதல் இரண்டு நிமிடம் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். பிறகு பழுப்புத் துகள்கள் கைகோத்துக்கொண்டு, ஒரு கம்பளி இறங்குவது போல மொத்தமாகக் கீழே இறங்கும். மேலே நிற்கும் தண்ணீர் தெளிவாகவும், கசடின் மேல்மட்டம் கோடு போட்டது மாதிரியும் இருந்தால் அன்றைக்கு நிம்மதி. அரை மணி ஆகியும் கசடு 900 மில்லி கோட்டிலேயே நின்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கசடு அளவுக்கு மீறிச் சேர்ந்திருக்கும். இன்னொன்று, நூல் நூலாக வளரும் பாக்டீரியாக்கள் பெருகித் திரள்களை இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். எது என்று பார்க்க, அதே மாதிரியில் தெளிந்த தண்ணீரைச் சேர்த்துப் பாதியாக நீர்க்கவைத்து மறுபடி வைப்பேன். நீர்த்ததும் வேகமாக இறங்கினால் முதலாவது. அப்போதும் முரண்டு பிடித்தால் இரண்டாவது, அதைச் சரிசெய்யச் சில வாரங்கள் ஆகலாம்.

சில நாள் நாத்தம் வருதே, பிளான்ட் கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்?

எப்போதும் அப்படி இல்லை. எந்த நிலையமானாலும் கழிவுநீர் வந்து விழும் வாசலில் கொஞ்சம் நாறத்தான் செய்யும். குழாயிலேயே நெடுநேரம் தேங்கி வரும் தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உண்டாகியிருக்கும். சல்லடையில் கொட்டும்போது அது வெளியேறுகிறது. வெயில் காலத்தில் இது கூடும். ஆனால் காற்றூட்டும் தொட்டியின் பக்கத்திலிருந்தே அழுகல் நாற்றம் வந்தால் அது எங்கள் கோளாறு. புகார் செய்யும்போது எந்தப் பக்கம், எந்த நேரம் என்று சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.

நுரை பொங்குதே?

வெள்ளை நுரை என்றால் பெரும்பாலும் இளம் கசடு அல்லது சோப்பு. நிலையம் புதிதாகத் தொடங்கிய நாட்களில் சகஜம், தானே அடங்கும். தடித்த, பிசுபிசுப்பான, பழுப்பு நிற நுரை வேறு வகை. எண்ணெயை விரும்பும் ஒரு வகை நூல் பாக்டீரியா பெருகியதற்கு அடையாளம் அது. தண்ணீர் அடித்தால் போகாது. வழித்து எடுத்துவிட்டு, பழைய கசடை வெளியேற்றி, தொட்டியில் இருக்கும் கசடின் சராசரி வயதைக் குறைக்க வேண்டும்.

பி.ஓ.டி., பி.ஓ.டி.ன்னு சொல்றீங்களே, அது என்ன?

தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்ற அளவு. அழுக்கை நேராக எடை போட முடியாததால், தின்பவர்களின் பசியை வைத்து அளக்கிறோம். மூடிய பாட்டிலில் 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்ப்பார்கள். வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கும். நன்றாக ஓடும் நிலையத்திலிருந்து வெளியேறும்போது 30-க்குக் கீழே, இன்னும் நன்றாக ஓடினால் 10-க்குக் கீழே.

ஒரு மனிதரால் ஒரு நாளைக்கு உண்டாகும் சுமை சுமார் 60 கிராம் என்று கணக்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஒரு லிட்டர் பாலின் பி.ஓ.டி. ஏறத்தாழ 100 கிராம். கெட்டுப்போன பால் என்று ஒரு லிட்டரை சிங்க்கில் ஊற்றினால், அன்று உங்கள் வீட்டுக்கு ஒன்றரை விருந்தாளி கூடுதலாக வந்து தங்கியதாக எங்கள் தொட்டி எண்ணிக்கொள்ளும்.

‘ஃப்ளஷ் செய்யலாம்’னு பாக்கெட்லயே போட்டிருக்கே, அந்த ஈரத்துணிகளைப் போடலாம்தானே?

கழிவறைக் கோப்பையைத் தாண்டிப் போகும் என்பது உண்மை. அதற்குப் பிறகு நடப்பதைப் பாக்கெட்டில் எழுதுவதில்லை. கழிவறைக் காகிதம் தண்ணீரில் நார்நாராகப் பிரிந்துவிடும். பெரும்பாலான ஈரத்துணிகளில் செயற்கை இழை கலந்திருக்கும், பிரியாது. பம்பிங் கிணற்றில் சுழன்று சுழன்று ஒன்றோடொன்று முறுக்கி, கை தடிமனுக்குக் கயிறாகிவிடும். பம்பின் விசிறியில் அது சுற்றிக்கொண்டால் மோட்டார் மூச்சு முட்டி நின்றுவிடும். அதைப் பம்போடு மேலே தூக்கி, கத்தியால் அறுத்து எடுக்கும் வேலை எனக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறை வருகிறது. சானிட்டரி நாப்கின், டயப்பர், பஞ்சு, பல் நூல் எல்லாம் இதே வரிசைதான்.

எண்ணெயைச் சுடுதண்ணி விட்டு ஊத்தினா போயிடுமே?

உங்கள் சிங்க்கை விட்டுப் போகும், தெருக் குழாயில் குளிர்ந்து உறையும். மேலே சொன்ன ஈரத்துணிகளும் அதில் ஒட்டிக்கொண்டால் பாறை மாதிரி ஆகும். 2017-இல் லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் 250 மீட்டர் நீளத்தில் 130 டன் கொழுப்புக்கட்டி ஒன்றைக் கண்டுபிடித்து, வாரக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். நம்முடைய சின்னக் குழாய்க்கு அவ்வளவு தேவையில்லை, ஒரு வாளி அளவே போதும். எண்ணெயை ஒரு டப்பாவில் ஊற்றிக் குப்பையில் சேருங்கள். பாத்திரத்தைக் கழுவும் முன் ஒரு காகிதத்தால் துடைத்துவிடுங்கள்.

பிளீச்சிங், டாய்லெட் கிளீனர் எல்லாம் உங்க பாக்டீரியாவைக் கொன்னுடாதா?

வழக்கமாகக் கழிவறை தேய்க்கும் அளவு என்றால் கவலை வேண்டாம். குழாயில் வரும்போதே அழுக்கோடு சேர்ந்து அதன் வீரியம் தீர்ந்துவிடும். தண்ணீர்த் தொட்டி கழுவினோம் என்று கரைத்த பிளீச்சிங் வாளிகளை ஒரே மூச்சில் கொட்டுவது வேறு. பெயின்ட், தின்னர், பூச்சிமருந்து, பேட்டரி அமிலம் இவை துளியும் வேண்டாம்.

மழை பெஞ்சா உங்களுக்கு நல்லதுதானே, தண்ணி கலந்து சுத்தமாயிடுமே?

இதைக் கேட்கும்போதெல்லாம் பெருமூச்சு வரும். மாடித் தண்ணீர்க் குழாயை யாரோ சாக்கடையில் சேர்த்திருப்பார்கள். தெரு மூடியின் ஓட்டை வழியாகவும் வெடித்த குழாய் மூட்டு வழியாகவும் மழைநீர் இறங்கும். வழக்கத்தைப் போல நான்கைந்து மடங்கு தண்ணீர் வந்தால், தெளிவுத் தொட்டியில் கசடு படிய நேரமே கிடைக்காது. வாரக்கணக்கில் வளர்த்த நுண்ணுயிர்கள் தண்ணீரோடு அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். மழை நின்று வானம் தெளிந்த பிறகும் எங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் வேலை இருக்கும்.

கரன்ட் போனா?

சில நிமிடம் என்றால் ஒன்றும் ஆகாது. நிலையத்தின் மின்சாரத்தில் பாதியளவு காற்றடிக்கும் ப்ளோயருக்கே போகிறது; அது நின்றால் தொட்டியில் இருக்கும் ஆக்சிஜன் சீக்கிரமே தீரும். ஓரிரு மணி நேரத்துக்கு நுண்ணுயிர்கள் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் கசடு புளித்துக் கறுக்கத் தொடங்கும். அவசரமானது பம்பிங் கிணறு. அது நிரம்பினால் தெருவில் பொங்கும். ஜெனரேட்டர் இருந்தால் முதலில் அதற்குத்தான் இணைப்பு கொடுப்போம்.

சின்ன ஊருதானே, பெரிய நகரத்தைவிட உங்க வேலை சுலபமா இருக்குமே?

நேர்மாறு. 2,000 பேர், ஆளுக்கு 150 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 3 லட்சம் லிட்டர். சராசரியாக மணிக்கு 12,500 லிட்டர். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து குளிக்கிறார்கள். காலையில் ஒரு மணி நேரம் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் வரும். நள்ளிரவில் தொட்டியில் சத்தமே இருக்காது. பெரிய நகரத்தில் தூரத்துத் தெருவின் தண்ணீர் வந்துசேரப் பல மணி நேரம் ஆகும், அதனால் ஏற்ற இறக்கம் தானாகவே சமனாகிவிடும். இங்கே கடைசி வீட்டுத் தண்ணீரும் அரை மணியில் வந்துவிடும். தவிர, லட்சம் வீடுகளில் ஒரு வீடு தின்னரை ஊற்றினால் தெரியாது. 500 வீட்டில் ஒரு வீடு ஊற்றினால் மறுநாள் உருளைச் சோதனையில் தெரியும்.

செப்டிக் டேங்க் லாரி மேன்ஹோல்ல கொட்டினா என்ன, அதுவும் கழிவுதானே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செப்டிக் டேங்கில் ஆண்டுக்கணக்கில் தேங்கிய கசடில் லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் பி.ஓ.டி. இருப்பது சாதாரணம். 6,000 லிட்டர் லாரி என்றால் 36 கிலோ. ஆளுக்கு 60 கிராம் என்று முன்னால் சொன்னேனே, அதன்படி 600 பேரின் ஒரு நாள் சுமை. 24 மணி நேரத்தில் வரவேண்டியது பத்து நிமிடத்தில் வந்து விழும். ப்ளோயர் முழு வேகத்தில் ஓடினாலும் ஆக்சிஜன் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். நிலையத்துக்கே கொண்டுவந்து, தனித் தொட்டியில் இறக்கி, இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் தாராளமாக ஏற்கலாம்.

வெளிய போற தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, குடிக்கலாமா?

கூடாது. தெளிவு வேறு, பாதுகாப்பு வேறு. கிருமி நீக்கத்துக்குக் குளோரின் கலந்து சுமார் 30 நிமிடம் வைத்திருப்போம், அல்லது புற ஊதா விளக்குகளுக்கு இடையே ஓடவிடுவோம். அப்படியும் அது குடிநீர் ஆகாது. செடிகளுக்கு விடலாமா என்பது எவ்வளவு சுத்திகரித்தது, என்ன செடி என்பதைப் பொறுத்தது. பச்சையாகத் தின்பவற்றுக்கு வேண்டாம்.

குடிநீராக்க முடியாது என்றில்லை. நமீபியாவின் வின்ட்ஹோக் நகரம் 1968 முதல் அதைச் செய்கிறது. சிங்கப்பூர் 2003-இல் ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் தொடங்கியது. ஆனால் அங்கே எங்கள் நிலையம் முடியும் இடத்துக்குப் பிறகு நுண்சவ்வு வடிகட்டல், புற ஊதா ஒளி என்று இன்னொரு தொழிற்சாலையே இருக்கிறது.

குளோரினைத் தாராளமா போட்டா இன்னும் நல்லதுதானே?

தண்ணீர் போய்ச் சேரும் ஓடையில் மீன் இருந்தால் நல்லதில்லை. மிச்சமிருக்கும் குளோரின் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். அதனால் ஓடையில் விடும் இடங்களில் வேறொரு வேதிப்பொருளைச் சேர்த்துக் குளோரினை முறித்துத்தான் அனுப்புவார்கள். புற ஊதா ஒளியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் ஒளி ஊடுருவாது.

மிச்சமாகுற கசடை என்ன பண்றீங்க? உரமாக்கலாமே?

தெளிவுத் தொட்டியிலிருந்து வரும் கசடில் 1 சதவீதம்தான் திடப்பொருள். அதைத் தனித் தொட்டியில் மேலும் சில வாரம் காற்றூட்டிச் செரிக்கவைத்து, மணல் படுகையில் உலர்த்துவோம் அல்லது இயந்திரத்தில் பிழிவோம். பிழிந்த பிறகும் 80 சதவீதம் தண்ணீர்தான், ஆனால் கன அளவு இருபதில் ஒரு பங்காகிவிடும். தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளது, உரமாகும். நோய்க்கிருமி, கனஉலோகங்கள் இரண்டையும் சோதித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். சோதிக்காமல் கேட்பவர்களுக்கு நான் தருவதில்லை.

பழைய மாத்திரைகளைக் கழிவறையில போட்டா உங்க பிளான்ட் சுத்தம் பண்ணிடும்ல?

பண்ணாது. நுண்ணுயிர்களுக்குத் தெரிந்தது உணவுதான். பல மருந்துகள் அப்படியே அவற்றைக் கடந்து ஓடைக்குப் போய்விடுகின்றன. நுண்பிளாஸ்டிக் துகள்களில் பெரும்பகுதி கசடோடு படியும். அழியாது, இடம் மட்டும் மாறும்.

தண்ணி பளிச்சுனு இருக்கு, ஆனா ரிப்போர்ட்ல ஃபெயில்னு வந்திருக்கே, எப்படி?

பெரும்பாலும் அம்மோனியா. அதற்கு நிறமில்லை, கண்ணுக்குத் தெரியாது, மீனுக்கு விஷம். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் தனி இனம். மற்றவை போல மளமளவெனப் பெருகாது, குளிரில் இன்னும் மெதுவாகும். கசடை நாங்கள் அவசரப்பட்டு வெளியேற்றினாலோ, மழையில் அடித்துப் போனாலோ முதலில் காணாமல் போவது இவைதான். பசியும் அதிகம். 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு சுமார் 4.6 மில்லிகிராம் ஆக்சிஜனும், 7 மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மையும் செலவாகும். தண்ணீரில் காரம் குறைவென்றால் சுண்ணாம்பு சேர்க்க வேண்டியிருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நைட்ரேட் நிறைய உண்டாகி, கசடு தெளிவுத் தொட்டியின் அடியில் நேரம் கடந்து கிடந்தால், ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றும். குமிழிகள் ஒட்டிக்கொள்ள, நன்றாகப் படிந்த கசடே கட்டி கட்டியாக மேலே மிதந்து வரும். பார்ப்பவர்கள் ‘ஐயையோ’ என்பார்கள். கசடு கெடவில்லை, திருப்பி அனுப்பும் பம்பைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாரும் தண்ணியை மிச்சம் பிடிச்சா உங்க வேலை குறையுமா?

பம்பு வேலை குறையும், நுண்ணுயிர்களின் வேலை குறையாது. மனிதரின் 60 கிராம் அப்படியேதான் வரும், தண்ணீர் மட்டும் குறைந்து கெட்டியாகும். குழாயில் ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டராவது இல்லாவிட்டால் கழிவு அடியில் தங்கி நாறத் தொடங்கும். இருந்தாலும் மிச்சம் பிடியுங்கள், அதைச் சமாளிப்பது எங்கள் பாடு.

அடைச்சிக்கிட்டா நாங்களே மூடியைத் திறந்து ஒரு ஆளை இறக்கலாமா?

இறக்கவே கூடாது. நாற்றம் பற்றிய கேள்வியில் சொன்ன ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, குழிக்குள் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது மூக்கைத் துளைக்கும்; ஆபத்தான அளவுக்கு ஏறும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். ‘நாத்தம் போயிடுச்சு’ என்று இறங்கியவர் மேலே வருவதில்லை. காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படியே விழுவார். அடைப்பை மேலிருந்தே இயந்திரம் வைத்து எடுக்கலாம்.

ஒரு வீட்டுல தப்பா எதையாவது ஊத்தினா உங்களுக்கு எப்படித் தெரியும்?

எண்ணெய்ப் படலமோ பெயின்ட் நிறமோ வந்தால், நிலையத்தின் வாசலிலிருந்து தொடங்கி மேன்ஹோல் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே மேல்நோக்கி நடப்போம். இரண்டு குழாய் சேரும் இடத்தில் எந்தப் பக்கத்தில் படலம் இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். சிறிய குடியிருப்பில் நான்கைந்து மூடிக்குள் தெரு தெரிந்துவிடும். வீட்டைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சுலபம். பெரும்பாலும் வாசலிலேயே பெயின்ட் பிரஷ் காய்ந்துகொண்டிருக்கும்.